நீலக்கண் வெள்ளைத் தாய், ஏழு முட்டை, ஒரு வெள்ளைக் குட்டிகூட இல்லை

புதுச்சட்டை | பிப்ரவரி 3
பால் பைத்தான் என்கிற வளர்ப்பு மலைப்பாம்பில் நீலக்கண் லூசிஸ்டிக், அதாவது உடல் முழுக்க வெள்ளை, பெண். லெஸ்ஸர், மோஹாவே என்ற இரண்டு நிற வகைகள் (மார்ஃப்) சேர்ந்து பிறந்தது என்று சொல்லி விற்றார்கள். சாதாரண நிற ஆணோடு சேர்த்ததில் ஏழு முட்டை, ஏழும் பொரிந்துவிட்டன. எல்லாமே பழுப்பு. பாதியாவது வெள்ளையாக வர வேண்டாமா? பாம்பு போலியா?

கரையான்புற்று | பிப்ரவரி 3
போலி இல்லை. கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் "வெள்ளை" என்று தனி மரபணு கிடையாது. லெஸ்ஸர், மோஹாவே இரண்டும் ஒரே மரபணு இடத்துக்குப் போட்டி போடும் அல்லீல்கள், அதாவது ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள். அந்த இடத்தில் ஒரு பாம்புக்கு இரண்டே இருக்கை. ஒன்றில் லெஸ்ஸர், மற்றதில் மோஹாவே உட்கார்ந்துவிட்டதால் சாதாரண அல்லீலுக்கு இடமில்லை, பாம்பு வெள்ளை. குட்டிக்குத் தாய் இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கும். தகப்பன் கொடுப்பது சாதாரணம். ஆகவே ஒவ்வொரு முட்டையும் லெஸ்ஸர் அல்லது மோஹாவே. வெள்ளை பூஜ்யம், முழுச் சாதாரணமும் பூஜ்யம்.

சந்தேகம் தீர வேண்டுமானால் ஏழில் ஒன்றாவது முழுச் சாதாரணமா என்று பாருங்கள். இருந்தால்தான் பிரச்சினை: தாய் வேறு வகை வெள்ளையாக இருக்கலாம்.

புதுச்சட்டை | பிப்ரவரி 4
ஏழையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இரண்டு கொஞ்சம் கருமையாகத் தெரிகின்றன. அவை சாதாரணமா, மோஹாவேயா என்று எப்படிச் சொல்வது?

கரையான்புற்று | பிப்ரவரி 4
முதல் சட்டை உரியும் வரை தீர்ப்பு எழுதாதீர்கள். முட்டையிலிருந்து வந்த ஓரிரு வாரத்துக்குத் தோல் மங்கலாக இருக்கும்.

உரிந்த பிறகு பக்கவாட்டைப் பாருங்கள். மோஹாவேயில் பக்கவாட்டுக் கட்டங்களுக்குள் பெரும்பாலும் ஒற்றைப் புள்ளிதான் இருக்கும். சாதாரணத்தில் இரண்டு சகஜம். வயிற்றோரத்திலிருந்து மேலே ஏறும் வெளிர்நிறச் சுடர்கள் மோஹாவேயில் தெளிவாக இருக்கும். லெஸ்ஸர் மொத்தமாகவே வெளுத்த கேரமல் நிறம், தலையும் வெளுப்பு. லெஸ்ஸரையும் பட்டரையும் பிரித்துச் சொல்லச் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். எந்த மூதாதையிலிருந்து வந்தது என்பதைத் தவிர அவற்றில் வேறுபாடு காண்பது கஷ்டம்.

நாலுகட்டம் | பிப்ரவரி 4
அந்த ஒரே இடத்து அல்லீல்களின் பட்டியலையும் போட்டுவிடுகிறேன்: லெஸ்ஸர், பட்டர், மோஹாவே, பாண்டம், மிஸ்டிக், ரூஸோ, மோக்கா, பாம்பூ, ஸ்பெஷல். இவற்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் சாதாரண அல்லீல் இல்லாத பாம்பு வரும், ஆனால் எல்லாமே பளிச்சென்ற வெள்ளை அல்ல. மோஹாவே இரண்டு பிரதி என்றால் தலையில் சாம்பல் படியும். மோஹாவேயும் பாண்டமும் சேர்ந்தால் ஊதா கலந்த வெளிர் நிறத்தில் வடிவத்தோடு வரும்.

இந்தப் பட்டியலால் ஒரு பயன் உண்டு. விற்பனை விளம்பரத்தில் "லெஸ்ஸர் மோஹாவே பாண்டம்" என்று மூன்றும் ஒரே பாம்பில் இருப்பதாக எழுதியிருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். இருக்கை இரண்டுதான்.

மூன்றாம்முட்டை | பிப்ரவரி 6
எனக்கும் வெள்ளைக் கேள்வி. என்னிடம் ஐவரி ஆண் இருக்கிறது. அதை நீலக்கண் பெண்ணோடு போட்டால் வெள்ளையோடு வெள்ளை, எல்லாக் குட்டியும் வெள்ளைதானே அண்ணே?

கரையான்புற்று | பிப்ரவரி 6
ஒன்றுகூட வராது தம்பி. ஐவரி என்பது எல்லோபெல்லி அல்லீல் இரண்டு பிரதி. அது வேறு இடம். குட்டிகள் அத்தனையும் ஒரு பிரதி எல்லோபெல்லி, கூடவே லெஸ்ஸரோ மோஹாவேயோ ஒரு பிரதி. பார்க்க அழகாக இருக்கும், வெள்ளையாக இருக்காது.

கருங்கண் வெள்ளை இன்னொரு தனி இடம்: ஃபயர், வனிலா தொகுதி. பைபால்டில் உடல் முழுக்க வெள்ளையாகி தலை மட்டும் நிறத்தோடு நிற்பது நான்காவது கதை, அது ஒடுங்கு மரபணு, இரண்டு பிரதி இருந்தால்தான் வெளியே தெரியும். கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரிவதால் மரபணு ஒன்றாகிவிடாது.

நாலுகட்டம் | பிப்ரவரி 6
இதே வழுக்கல் அல்பினோவில் இன்னும் மோசம். அல்பினோவையும் லாவண்டர் அல்பினோவையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் கறுப்புப் பழுப்பு, சாதாரணம். ஒவ்வொன்றும் இரண்டுக்கும் ஹெட், அதாவது ஒரு பிரதியை மட்டும் வெளியே காட்டாமல் சுமப்பது. காரணம் 2022இல் வெளியான ஆய்வில் தெளிவானது. பாம்பு வளர்ப்பவர்கள் அனுப்பிய சட்டைகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் செய்தது. அல்பினோவில் கெட்டிருப்பது டைரோசினேஸ் மரபணு. லாவண்டரில் ஓசிஏ2. அல்ட்ராமெல்லில் டிஒய்ஆர்பி1. மூன்றும் மெலனின் தயாரிப்பின் வெவ்வேறு படிகள். ஒன்றின் ஓட்டையை மற்றதன் நல்ல பிரதி அடைத்துவிடுகிறது.

கேண்டி, டாஃபி இரண்டும் அல்பினோவின் அதே இடம். அதனால்தான் அல்பினோவோடு கேண்டி சேர்ந்தால் முதல் தலைமுறையிலேயே கேண்டினோ பொரிகிறது, ஹெட் தலைமுறை என்று ஒன்றுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கரையான்புற்று | பிப்ரவரி 7
சாம்பல் நிற மார்ஃபான ஆக்ஸாந்திக்கையும் இதில் சேருங்கள். விபிஐ, டிஎஸ்கே, எம்ஜே என்று வம்ச வழிகள் தனித்தனி. விபிஐயையும் டிஎஸ்கேயையும் சேர்த்தால் சாம்பல் குட்டி வராது, இரட்டை ஹெட்தான். "ஹெட் ஆக்ஸாந்திக்" என்று மட்டும் எழுதிய பாம்பு பாதி விலாசம் எழுதிய கடிதம். எந்த வழி என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். கோஸ்ட் என்கிற ஹைபோவிலும் ஒத்துப்போகாத வழிகள் உண்டு.

மூன்றாம்முட்டை | பிப்ரவரி 9
சரி, ஹெட் கணக்கு. கிளௌனும் ஒடுங்கு மார்ஃப்தானே. 66% ஹெட் கிளௌன் பெண் ஒன்றை ஹெட் கிளௌன் ஆணோடு போட்டேன். ஆறு முட்டை, கிளௌன் இல்லை. அப்போ பெண் ஹெட் இல்லை என்று முடிவு கட்டலாமா?

நாலுகட்டம் | பிப்ரவரி 9
கட்ட முடியாது. படிப்படியாகப் பார்ப்போம்.

66% எங்கிருந்து வந்தது? ஹெட்டோடு ஹெட் சேர்ந்தால் நான்கில் ஒன்று கிளௌன், இரண்டு ஹெட், ஒன்று சுத்தம். கிளௌனைத் தனியே எடுத்துவிட்டால் மிஞ்சிய மூன்றில் இரண்டு ஹெட். அதுதான் 66%. ஒரு பக்கம் மட்டும் ஹெட் என்றால் குட்டிகள் 50% ஹெட்.

பெண் உண்மையிலேயே ஹெட்டாக இருந்தும் ஹெட் ஆணோடு ஆறு முட்டையில் கிளௌன் வராமல் போகும் வாய்ப்பு: முக்காலின் ஆறாம் அடுக்கு, அதாவது 17.8%. ஆரம்பத்தில் இருந்த மூன்றில் இரண்டு வாய்ப்பை இதோடு பெருக்கினால் 11.9%. சுத்தமாக இருக்கும் பக்கம் 33.3%. இரண்டையும் கூட்டிப் பங்கு பாருங்கள்: இப்போதும் 26% வாய்ப்பில் அது ஹெட். நாலில் ஒரு பங்கு. விட்டுவிடக் கூடிய எண் இல்லை.

இதே பெண்ணை முழுக் கிளௌன் ஆணோடு போட்டு ஆறு முட்டையிலும் கிளௌன் இல்லையென்றால் வாய்ப்பு 3% ஆகிவிடும். சோதிக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் கிளௌன் ஆணையே போடுங்கள். ஹெட் ஆணால் சோதிப்பது வருஷத்தை வீணாக்கும்.

கரையான்புற்று | பிப்ரவரி 9
முட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். "போன ஈட்டில் நாலிலும் வரவில்லை, அதனால் இந்த ஈட்டில் வந்தே தீரும்" என்று நாலு முட்டையை முறைத்துப் பார்ப்பவர்கள் நிறைய. ஹெட்டோடு ஹெட், நாலு முட்டை: ஒன்றும் வராத வாய்ப்பு 31.6%. ஒவ்வொரு ஈட்டிலும் அதே 31.6%.

மூன்றாம்முட்டை | பிப்ரவரி 10
இரட்டை ஹெட்? கிளௌன் பைபால்ட் வேண்டும்.

நாலுகட்டம் | பிப்ரவரி 10
இரட்டை ஹெட்டோடு இரட்டை ஹெட்: முட்டைக்குப் பதினாறில் ஒன்று. ஆறு முட்டையில் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 32%. அதாவது மூன்றில் இரண்டு முறை வெறுங்கை.

ஒரு பக்கம் கிளௌன் ஹெட் பைபால்ட், மறுபக்கம் இரட்டை ஹெட் என்றால் எட்டில் ஒன்று. ஆறு முட்டையில் 55%. முழுக் கிளௌன் பைபால்ட் ஆணை இரட்டை ஹெட் பெண்ணோடு போட்டால் நான்கில் ஒன்று, 82%. பணத்தை ஆணில் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வதன் கணக்கு இதுதான்: ஓர் ஆண் ஒரே பருவத்தில் நாலைந்து பெண்களுக்குப் போகும், அறுநூறு எழுநூறு கிராமிலேயே தயார். பெண் ஆயிரத்து ஐந்நூறு கிராம் தொட வேண்டும், அதற்கு மூன்று வருஷம் சாதாரணம்.

புதுச்சட்டை | பிப்ரவரி 12
சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஹெட் தெரியும் என்கிறார்களே? இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

கரையான்புற்று | பிப்ரவரி 12
தெரியும், மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட மார்ஃபுகளுக்கு மட்டும். பைபால்டில் டிஎஃப்இசி என்ற மரபணுவில் உள்ள மாற்றம் தெரிந்துவிட்டதால் அதற்கு நேரடிச் சோதனை சாத்தியம். மாற்றம் எது என்று தெரியாத மார்ஃபுக்கு இன்னமும் முட்டைதான் ஆய்வகம்.

அனுப்பும்போது கெடுவது மூன்று இடங்களில். சட்டை ஈரமாகப் பைக்குள் போனால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதையும். நிழலில் முழுக்க உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். ஒரே கூண்டில் இரண்டு பாம்பு இருந்தால் யாருடைய சட்டை என்பதே கேள்வி. போன குடியிருப்பாளரின் துண்டு மூலையில் கிடந்தாலும் அதே கதை. மூன்றாவது, பெயர்ச்சீட்டு: பெட்டியிலிருந்து எடுக்கும் அந்த நிமிடமே உறையில் எண் எழுத வேண்டும், பத்துச் சட்டை சேர்ந்த பிறகு அல்ல.

"இல்லை" என்ற முடிவையும் கவனமாகப் படியுங்கள். அவர்கள் தேடிய குறிப்பிட்ட மாற்றம் இல்லை என்றுதான் அர்த்தம். ஆக்ஸாந்திக்கில் ஒரு வழிக்குச் சோதித்துவிட்டு எல்லா வழிக்கும் சுத்தம் என்று எழுதக் கூடாது.

வால்நுனி | பிப்ரவரி 15
இழைக்குப் புதிது. பனானா என்கிற மஞ்சள் மார்ஃபில் ஓர் ஆண் வாங்கினேன், பிறந்த பனானா குட்டிகளில் ஒன்பது ஆண், ஒரு பெண். இன்குபேட்டர் சூடு கூடிவிட்டதா?

நாலுகட்டம் | பிப்ரவரி 15
சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; மலைப்பாம்பில் பாலினத்தை முடிவு செய்வது குரோமோசோம், வெப்பம் அல்ல. எல்லாப் பாம்புகளுக்கும் இசட்-டபிள்யூ முறைதான் (பெண்ணின் இரண்டு பாலினக் குரோமோசோமும் வேறு வேறு) என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. போவா, பைத்தான் இரண்டிலும் எக்ஸ்-ஒய் (ஆணில்தான் வேறு வேறு) என்று 2017இல் காட்டினார்கள். பனானா மரபணு அந்தப் பாலினக் குரோமோசோமில் இருக்கிறது என்று வைத்தால் உங்கள் கணக்கு நேராகிவிடும்.

உங்கள் ஆண் தன் தகப்பனிடமிருந்து பனானாவை வாங்கியிருக்கிறது. அதனால் பனானா அதன் ஒய்யில். ஒய் போகும் குட்டி ஆண். ஆகவே பனானா குட்டிகள் பெரும்பாலும் ஆண், சாதாரணக் குட்டிகள் பெரும்பாலும் பெண். இதைத்தான் ஆண்-மேக்கர் என்கிறார்கள். தாயிடமிருந்து பனானா வாங்கிய ஆணுக்கு அது எக்ஸில், அது பெண்-மேக்கர். பனானா பெண்ணுக்கு இந்தச் சாய்வே கிடையாது, இரண்டும் எக்ஸ்தானே.

கரையான்புற்று | பிப்ரவரி 16
அந்த ஒற்றைப் பெண் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும், முன்கூட்டியே. எக்ஸும் ஒய்யும் ஒன்றோடொன்று துண்டு மாற்றிக்கொள்ளும் பகுதியில் பனானா இருப்பதால் அவ்வப்போது ஒய்யிலிருந்து எக்ஸுக்குத் தாவிவிடுகிறது. அந்தப் பெண்ணைத் தள்ளிவிடாதீர்கள். அதற்குப் பிறக்கும் பனானா மகன்கள் பெண்-மேக்கர்கள். பெண்-மேக்கர் ஆணுக்கு அரிதாகப் பிறக்கும் பனானா மகனில் தாவல் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது, அது ஆண்-மேக்கர்.

விற்கும்போது அட்டையில் "பனானா, தகப்பன் வழி" என்று இரண்டு சொல் கூடுதலாக எழுதினால் வாங்குபவருக்கு ஒரு வருஷம் மிச்சம். குட்டிகளின் பாலினத்தைச் சரியாகப் பார்த்தவர் யார் என்பதும் முக்கியம். பாதி "விதிவிலக்கு"களுக்குக் காரணம் குரோமோசோம் அல்ல, அவசரக் கை.

வால்நுனி | பிப்ரவரி 18
நன்றி. இன்னொன்று: ஸ்பைடர் பனானாவோடு ஸ்பைடரைப் போட்டால் சூப்பர் ஸ்பைடர், அதாவது இரண்டு பிரதி ஸ்பைடர் கிடைக்குமா?

கரையான்புற்று | பிப்ரவரி 18
கிடைத்ததாக நிரூபித்தவர் இல்லை. ஸ்பைடர் இரண்டு பிரதி உள்ள கரு பிழைப்பதில்லை என்றுதான் கொள்ளப்படுகிறது. நான்கில் ஒரு முட்டை போச்சு, மிஞ்சியதில் மூன்றில் இரண்டு ஸ்பைடர்.

ஒரு பிரதியே போதுமான தொல்லை. தலை ஆட்டம், தலைகீழாகத் திருகுதல், இரையைக் குறி தவறிக் கொத்துதல். "சில ஸ்பைடருக்குத்தான் ஆட்டம்" என்பது விற்பனைப் பேச்சு. அளவு மாறும், மரபணுவிலிருந்து பிரியாது. சமநிலை காக்கும் உள்காதின் அரைவட்டக் கால்வாய்களும் சாக்குலஸ் என்ற பையும் உருக்குலைந்திருப்பதை 2022இல் வந்த நுண் சிடி ஸ்கேன் ஆய்வு காட்டியது. நல்ல வளர்ப்பாலோ தேர்ந்தெடுத்த இணையாலோ காதை நேராக்க முடியாது. என் கருத்து: இனப்பெருக்கத்துக்கு வேண்டாம். அந்த மெல்லிய கோட்டு வடிவத்துக்கு ஏங்கினால் பின்ஸ்ட்ரைப் பக்கம் போங்கள்.

நாலுகட்டம் | பிப்ரவரி 18
தொல்லை தரும் மற்ற மார்ஃபுகளையும் சேர்த்தே சொல்லிவிடுவோம். ஷாம்பெயின்: ஆட்டம் உண்டு, இரண்டு பிரதி பிழைக்காது, ஸ்பைடரோடு சேர்க்கவே கூடாது. ஸ்பாட்நோஸ்: ஒரு பிரதியில் பெரிதாகத் தெரியாது, இரண்டு பிரதியான பவர்பாலில் ஆட்டம் வெளிப்படும். சின்னமன், பிளாக் பாஸ்டல் ஒரே இடத்து அல்லீல்கள். இரண்டு பிரதியானால் வாத்து மூக்கும் முதுகெலும்பு முறுக்கமும் வருவதுண்டு. கேரமல் அல்பினோவிலும் முறுக்கம். டெசர்ட் பெண்ணை இனப்பெருக்கத்துக்கு என்று வாங்க வேண்டாம். முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். டெசர்ட் கோஸ்ட் வேறு மரபணு, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மூன்றாம்முட்டை | பிப்ரவரி 20
பின்ஸ்ட்ரைப்புக்கு சூப்பர் உண்டா? சிலர் "கோடாமினென்ட்" என்கிறார்கள்.

நாலுகட்டம் | பிப்ரவரி 20
இரண்டு பிரதி பின்ஸ்ட்ரைப் பார்ப்பதற்கு ஒரு பிரதி மாதிரியேதான். அதனால் அது ஓங்கு மரபணு. பாஸ்டல், மோஹாவே போல ஒரு பிரதியில் ஒரு தோற்றம், இரண்டில் வேறு தோற்றம் என்றால் முழுமையற்ற ஓங்குத்தன்மை. இந்த வட்டத்தில் எல்லோரும் அதைத்தான் கோடாமினென்ட் என்கிறார்கள், சண்டை போட்டுப் பயனில்லை.

கண்ணால் தெரியாத சூப்பரை நிரூபிக்க ஒரே வழி: பின்ஸ்ட்ரைப் இல்லாத துணையோடு போடுங்கள். ஒரு சாதாரணக் குட்டி பொரிந்தாலும் வழக்கு முடிந்தது, சூப்பர் இல்லை. ஏழும் பின்ஸ்ட்ரைப் என்றால், ஒரு பிரதி மட்டுமே உள்ள பாம்பு தற்செயலாக அப்படிக் கொடுக்கும் வாய்ப்பு 128இல் ஒன்று.

கரையான்புற்று | பிப்ரவரி 23
சூடு பற்றி வால்நுனி கேட்டது பாலினத்துக்குப் பொருந்தாது, ஆனால் வடிவத்துக்குப் பொருந்தும். முதுகில் நேர்கோடு, உடைந்த கட்டம் என்று விசித்திரமான ஒரு குட்டி வந்ததும் "புது மார்ஃப்" என்று பெயர் வைக்க ஓடுகிறார்கள். முதலில் இன்குபேட்டரின் பதிவைப் பாருங்கள். 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வைத்தால் 55–60 நாளில் பொரியும். அதற்கு மேல் ஏறி இறங்கினால் கோடுகளும் வரும், முறுக்கமும் வரும். வெப்பமானியின் முனை முட்டை மட்டத்தில் இருக்க வேண்டும். மூடியில் ஒட்டிவைத்தால் காற்றைத்தான் அளக்கிறீர்கள். முட்டைக்கு அடியில் போடும் வெர்மிகுலைட்டும் நீரும் எடையில் சமம், அதற்கு மேல் ஈரம் வேண்டாம். பிழிந்தால் சொட்டக் கூடாது. இட்ட நிலையிலேயே மேல்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, திருப்பாமல் வையுங்கள். கூமுட்டை மஞ்சளாகச் சுருங்கியிருக்கும், ஒளி காட்டினால் இரத்தக்குழாய் தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் விசித்திரம் வந்தால் வளர்த்து, துணை போட்டு, குட்டியில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வராத வரை அது வெறும் அழகான பாம்பு.

வால்நுனி | பிப்ரவரி 24
ஒரு வதந்தி கேட்டேன். ஆணே போடாத நீலக்கண் பெண் வெள்ளைக் குட்டி பெற்றதாம். கதைதானே?

நாலுகட்டம் | பிப்ரவரி 24
நடக்கக் கூடியது. பால் பைத்தானில் கன்னிப்பேறு பதிவாகியிருக்கிறது. குட்டிகள் எல்லாம் பெண், இரண்டு எக்ஸும் தாயிடமிருந்து. பொதுவாக ஒரே அல்லீலின் இரண்டு பிரதி சேர்வதால் லெஸ்ஸர்-மோஹாவே தாய்க்குச் சூப்பர் லெஸ்ஸர் அல்லது சூப்பர் மோஹாவே வரலாம். இரண்டுமே வெளிர். ஆனால் அதற்கு முன் சேமித்த விந்தைச் சந்தேகியுங்கள். போன பருவத்து ஆணின் விந்தை வைத்திருந்து பெண் முட்டையிடுவது கன்னிப்பேற்றைவிட அதிகம் நடக்கும். ஒரே பருவத்தில் இரண்டு ஆணைப் போட்டுவிட்டு ஹெட் சதவீதம் எழுதுபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

புதுச்சட்டை | பிப்ரவரி 27
கருமையான இரண்டும் சட்டை உரித்துவிட்டன. ஒற்றைப் புள்ளி, இரண்டும் மோஹாவே. மற்ற ஐந்து லெஸ்ஸர். அடுத்த முறை வெள்ளைக் குட்டி வேண்டுமானால் எந்த ஆணைப் போடுவது?

கரையான்புற்று | பிப்ரவரி 27
உறவில்லாத மோஹாவே ஆண். குட்டிகளில் கால் பங்கு லெஸ்ஸர்-மோஹாவே, கால் பங்கு சாம்பல் தலை சூப்பர் மோஹாவே, கால் பங்கு லெஸ்ஸர், கால் பங்கு மோஹாவே. பாதி வெளுப்பு. லெஸ்ஸர் அல்லது பட்டர் ஆணைப் போட்டாலும் பாதி வெளுக்கும், ஆனால் அந்த வெள்ளையில் பாதி சூப்பர் லெஸ்ஸர். கண் பிதுங்குவதும் சிறுத்துப்போவதும் அதில் வரும். அதைத் தவிர்க்கலாம்.

ஆணைத் தேடுவதற்கு முன் பெண்ணை எடை போடுங்கள். ஏழு முட்டை இட்ட பெண் நிறைய இழந்திருக்கும். இனப்பெருக்கத்துக்கு முன் இருந்த எடைக்குத் திரும்பவில்லை என்றால் இந்தப் பருவம் வேண்டாம், தீனி மட்டும் கொடுங்கள்.